ஊரிகத்தின் முதல் கறுப்புக் குடல்

கொட்டாவி விடும் குழந்தையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஒரு நிறம் தெரியும். ஆரோக்கியமான மனிதனின் பெருங்குடலும் உள்ளே அந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும். என்னுடையது கறுப்பாக இருந்தது. இதை யாரும் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. மயக்க ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, என் குடலை நானே திரையில் பார்த்தேன்.

மயக்க ஊசியை மறுத்ததற்கு வீரம் காரணமல்ல. தொழில் பழக்கம். கோலார் தங்க வயலில் மைன் ஓடிய காலத்தில் கம்பெனி ஆபீசில் எனக்கு நடைமுறை எழுதும் வேலை. கீழே இறங்கும் கேஜ் லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், மணியை எப்படி அடிக்க வேண்டும், வெடி வைத்த இடத்துக்குள் முதலில் யார் போக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை உண்டு. அதை இங்கிலீஷில் எழுதி, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் போட்டு, சுரங்க ஷாஃப்ட் வாசலில் ஒட்ட வைப்பது என் பிரிவு. பூமிக்குக் கீழே நான் இறங்கியது டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தபோது மட்டும், அவர்களுக்குத் துணையாக. நூற்றுக்கணக்கானவர்கள் கீழே எப்படி மூச்சுவிட வேண்டும் என்பதை மேலே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் தன் குடலுக்குள் ஒரு கருவி நுழையும்போது தூங்கிக்கொண்டிருப்பானா?

விஷயம் ஆரம்பித்தது எங்கள் ஊரிகம் சர்ச் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில். ஒரு சின்ன டப்பாவும் குச்சியும் கொடுத்து மறுநாள் காலை கொண்டுவரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைத் தட்டைப் பார்த்ததும் கண்ணை மூடி ஜெபத்தில் ஆழ்ந்துவிடும் சபையார், இந்த டப்பாவை மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். இலவசம் என்று போட்டிருந்தது. என் டப்பாவில் ரத்தம் இருப்பதாக முடிவு வந்தது.

மலத்தில் ரத்தம் என்றால் மூலத்திலிருந்து புற்றுநோய் வரை எதுவாகவும் இருக்கலாம். என் அண்ணன் குடல் புற்றுநோயில் போனவன். கடைசி மாதங்களில் அவனுக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்து, துணி மாற்றியவள் என் மனைவி. அதனால் முகாம் டாக்டர் 'கொலோனோஸ்கோப்பி' என்று சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி எந்த வகைக் கருவி என்பது. என் மனைவி வீட்டுக்கு வந்து, அண்ணனுக்குக் கஞ்சி வைத்த அந்த அலுமினியப் பாத்திரத்தைப் பரணில் இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள்.

பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். தேதி கொடுத்த பெண் நல்ல பெண். ஆனால் எங்கள் ஊரை அறியாதவள். முதல் நாள் முழுக்கப் பேதியாகும், அடுத்த நாள் காலையில் வர வேண்டும் என்றாள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் கிழமையைச் சொல்லி, அதற்குத் தோதாகத் தேதி வேண்டும் என்றேன்.

"டாக்டர் அவைலபிலிட்டி பார்த்துதான் சார் கொடுப்போம்."

"எங்க ஊர்ல தண்ணி அவைலபிலிட்டி பார்த்துதாம்மா பேதிக்குக் குடிப்போம்."

கொடுத்தாள். நான் போட்ட திட்டத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. வால்வு திறக்கிறவன் மட்டும் அன்றைக்குப் பார்த்து மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டான். காலையில் பேதிப் பொடியைக் கரைத்து முதல் லோட்டாவைக் குடித்து முடித்தபோதுதான் குழாய் வறண்டு கிடப்பது தெரிந்தது. குடித்ததைத் திருப்பி எடுக்க நடைமுறை கிடையாது.

இந்த இடத்தில்தான் எதிர்வீட்டுக்காரர் என் குடலுக்குள் வந்தார். அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது, அதனால் குடும்ப ரகசியத்தையும் கூவித்தான் சொல்வார். இப்போது ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கம் நடத்துகிறார். தலைவர் அவர், செயலாளர் அவருடைய தம்பி, உறுப்பினர்கள் மாலையில் அவர் வாசலில் வந்து உட்காருகிறவர்கள்.

"இன்னா சார், தொட்டி காலியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "நம்ம டிரம்மு ரெண்டு ரொம்பி கீது. எடுத்துக்கோங்க. ஆனா ரிசல்ட்டு வந்தா மொதல்ல எனுக்குத்தான் சொல்லணும்."

பின்கட்டுக் கழிப்பறை வாசலில் அவருடைய நீல டிரம் இரண்டும் காவலுக்கு நின்றன. நான் போகும்போதும் வரும்போதும் எதிர்வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஆட்டத்தின் ஸ்கோர் போல ஏதோ பேசிக்கொண்டார்கள். மாலையில் என் மனைவி வழக்கமான சுக்கு காபியை வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா கூடாதா என்று சமையலறை வாசலில் நின்றாள். நிறமுள்ள எதையும் குடிக்கக்கூடாது என்று விதியைப் படித்துக் காட்டினேன். கொண்டுபோய் வாஷ்பேசினில் கொட்டினாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை விதிக்கு அவள் கொடுத்த மரியாதை என்று அன்று நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை ரயிலில், வேலைக்குப் போகிறவர்களின் சீட்டுக்கட்டுகளுக்கு நடுவில், வெறும் வயிற்றோடு பெங்களூர் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். பேதி மருந்து, சூரணம், லேகியம் எடுப்பதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி, போதாதென்று 'ஒருபோதும்' என்றும் சேர்த்தேன். மருந்துக்கடை வாசலை மிதிக்காதவன் என்பது என் பெருமைகளில் ஒன்று. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு பெண், என் வயதில் பாதிகூட இருக்கமாட்டார். கன்னடம் கலந்த தமிழ், சுறுசுறுப்பான கை. உதவிக்கு நின்றவன் என்னைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டே, "யாவ ஊரு சார்?" என்றான். கே.ஜி.எஃப். என்றேன். "மேடம், உள்ள கோல்டு இருந்தா பாதி எனக்கு" என்றான். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் பெங்களூரில் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். பத்தாவது ஆள் சினிமாவைப் பற்றிக் கேட்பான்.

குடலைச் சுரங்கத்தோடு ஒப்பிட எங்கள் ஊர்க்காரன் எவனாலும் முடியும். நான் செய்யப்போவதில்லை. சுரங்கத்தில் வெளிச்சம் இதைவிடக் குறைவு, பணிவும் இதைவிடக் குறைவு. வலித்ததா என்றால், வயிற்றுக்குள் யாரோ சைக்கிள் டியூபுக்குக் காற்றடிப்பது போல இருந்தது. பொறுத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஆரம்பத்தில் பழுப்பு. வளைவு தாண்டியதும் கறுப்பு. முதலையின் முதுகைப் போல, கட்டம் கட்டமாக, பளபளவென்று.

உதவியாளன் கோல்டை மறந்துவிட்டான்.

"சார், என்ன லாக்ஸடிவ் எடுக்கறீங்க?" என்றார் டாக்டர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"எதுவும் இல்ல."

"ராத்திரி ஏதாவது பொடி? ஆயுர்வேதிக்? இலைக் கஷாயம்?"

"எழுதிக் குடுத்திருக்கேன் டாக்டர். ரெண்டாவது பக்கம்."

"எல்லாருமே அப்படித்தான் சார் எழுதுவாங்க."

இதற்குப் பெயர் மெலனோசிஸ் கோலை என்று விளக்கினார். சில மூலிகைப் பேதி மருந்துகளை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குடலின் உள்தோல் இப்படிக் கறுக்கும். பெயரில் மெலனின் இருக்கிறதே தவிர உள்ளே இருப்பது மெலனினே அல்ல, வேறொரு கறை. யாரோ ஒருத்தர் தப்பாகப் பெயர் வைத்துவிட்டார், அப்படியே நின்றுவிட்டது. அந்த நிலையிலும் எனக்கு இது பிடித்திருந்தது. அரசாங்கத்தில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கறுப்பால் கெடுதல் ஒன்றுமில்லை, மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் தானே வெளுத்துவிடும் என்றார். நிறுத்துவதற்கு மருந்தே இல்லையே என்றேன்.

கருவி நின்றுவிட்டது. கறுப்புச் சுவரில் ஒட்டிய பல்லி முட்டை மாதிரி, வெளுப்பாக ஒன்று.

கம்பிச் சுருக்குப் போட்டு அதை அறுத்தெடுத்தார். நடைமுறை எனக்குத் தெரியும். அடுத்து என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கம்பி இறுகியபோது மட்டும் எதுவும் சொல்ல வரவில்லை.

"பயாப்ஸிக்கு அனுப்பறேன். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கறுப்பை மறந்துடுங்க சார். எனக்குத் தெரிய வேண்டியது இந்த வெள்ளை என்னன்னுதான்."

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். ஆனால் மனிதன் பயப்படும்போது பயத்தைப் பற்றிப் பேசமாட்டான். பக்கத்தில் கிடைக்கும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவான். ரிப்போர்ட்டில் 'நீண்டகாலப் பேதி மருந்து' என்று டாக்டர் எழுதியிருந்ததை ஆட்சேபித்து, பக்கத்தில் 'நோயாளி மறுக்கிறார்' என்று எழுத வைத்த பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் மனைவியிடம் சொன்னேன். குடலின் வண்ணப்படம் ரிப்போர்ட்டோடு இருந்தது. வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ கறுப்பா?"

"இவ்ளோதான்."

"இது கேன்சரா ஆவுமாங்க?"

"கறுப்பு ஆவாது. வெள்ளையா இருந்துச்சே, அதான் ஆகலாம்."

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகத் துல்லியமான பதில்களில் இதுவும் ஒன்று. அவளுக்காக வாங்கிய இட்லிப் பொட்டலம் பங்காருப்பேட்டை தாண்டியும் பிரிக்கப்படாமலே மடியில் கிடந்தது.

டிரம் கொடுத்தவருக்கு முதலில் சொல்ல வேண்டும் அல்லவா? சொன்னேன். அவர் படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சங்கத்தைக் கூட்டிவிட்டார்.

"தூசு சார் இது! சைனைட் மேட்டுத் தூசு! காத்தடிச்சா சோத்துலயே வுழுது. மூக்குல போனது நெஞ்சுல ஒக்காந்துச்சு, எல்லாருக்கும் தெரியும். வாயில போனது எங்க போயிருக்கும்னு எவனாவது கேட்டானா?"

யாரும் கேட்டதில்லைதான். தங்கத்தை எடுத்துவிட்டு மிச்ச மண்ணைக் குவித்த மேடுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. ஆடிக் காற்றில் அந்த மாவு எல்லார் வீட்டுக்குள்ளும் வருகிறது. ஆகவே வாசலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. அவர் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுத்தவர்.

"நான் முப்பது வருசம் தூசு தின்னவன். ஃபேனாண்ட ஒக்காந்து பேப்பர் எழுதுன இவருக்கு எப்பிடிப்பா கறுத்துச்சு?"

"யோவ், அவருக்கே இவ்ளோ கறுத்துச்சுன்னா உனுக்கு எவ்ளோ கறுத்திருக்கும்? ரோசன பண்ணு!"

மர வேலைக்காரர் யோசனை செய்தார். தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் ஒரு நிறைவு வந்தது. அன்று மாலைக்குள் யாருடைய குடல் அதிகக் கறுப்பாக இருக்கும் என்பதில் லெவல் வாரியாகப் போட்டி வந்துவிட்டது. ஆழத்தில் வேலை செய்தவர்கள் மேல் லெவல்காரர்களை ஏளனமாகப் பார்த்தார்கள். என்னைத் தற்செயலாகப் பரிசு விழுந்தவனைப் போல நடத்தினார்கள். எல்லாருக்கும் குடல் சோதனை முகாம் வேண்டும் என்று கோலாருக்குப் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுப்பதாகவும், என் குடல் படத்தைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடிப்பதாகவும் முடிவாயிற்று. ஃபிளெக்ஸில் என் பெயர் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பேதி மருந்து என்று சொன்ன அந்தச் சின்னப் பெண்ணைவிடத் தூசு என்று சொன்ன இவர்கள் பக்கமே என் நியாயம் இருந்தது. நான்தான் மறுத்திருக்கிறேனே.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி, "அந்தப் படத்தைத் திருப்பி வாங்கிக்கினு வாங்க" என்றாள்.

"ஏன்?"

"ஊருக்குக் காட்டற படமா அது?"

வெட்கம் என்று நினைத்துப் போய் வாங்கி வந்தேன். ஃபிளெக்ஸ் திட்டத்தை எதிர்வீட்டுக்காரர் மனமில்லாமல் தள்ளிவைத்தார். மனுவைத் தள்ளிவைக்கவில்லை.

அந்த வாரத்தில் இரண்டு விஷயங்கள் நின்றுபோயின. ஒன்று, மாலைச் சுக்கு காபி. சுக்கு தீர்ந்துவிட்டது என்றாள். இன்னொன்று, என் காலைக் கடன். சோதனைக்குப் பிறகு சில நாள் அப்படி இருக்கலாம் என்று படித்திருந்ததால் நான் கலங்கவில்லை. சோற்றில் கல், ரசத்தில் உப்பு, பேப்பர்காரனின் தாமதம் என்று எனக்கு எல்லாவற்றிலும் குறை தெரிய ஆரம்பித்ததை மட்டும் நானே கவனித்தேன். என் மனைவி தூங்கவில்லை. முன்னறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கேட்டால் புழுக்கம் என்பாள். மார்கழியில் எங்கள் ஊரில் புழுக்கம்.

எனக்கும் பயம் இருந்தது. அண்ணனின் கடைசி நாட்களில் அவனுடைய மணிக்கட்டு எவ்வளவு மெலிந்திருந்தது என்பது அந்த வாரம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை, அவள் தன்னுடையதை என்னிடம் சொல்லவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் நாங்கள் கற்றுத் தேர்ந்த நாகரிகம் இது.

ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. போதகர் புதியவர், இளைஞர், எதையும் சுருக்கமாகச் செய்யத் தெரியாதவர். பெயரைச் சொல்லாமல், நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் என்று ஆரம்பித்தார். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தச் சகோதரரின் குடலைத் தொடும் ஆண்டவரே, அதன் கறுப்பை நீக்கும், அதை வெள்ளையாக்கும் என்று கையை உயர்த்திக் கேட்டுக்கொண்டார். வெள்ளை வேண்டாம், வெள்ளையாக இருந்ததுதான் இப்போது பயாப்ஸிக்குப் போயிருக்கிறது, சரியான நிறம் இளஞ்சிவப்பு என்று எழுந்து சொல்லலாமா என்று பார்த்தேன். ஜெபத்தின் நடுவில் திருத்தம் சொல்ல எங்கள் சபையில் நடைமுறை இல்லை. ஆமென் என்றார்கள். பக்கத்தில் என் மனைவி மட்டும் ஆமென் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் போனவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

"நான்தாங்க."

"என்ன நீதான்?"

"உங்க குடலைக் கறுப்பாக்கனது. தூசு இல்ல. நான்தான்."

மேல் தட்டில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பேதிக்குக் கொடுக்கும் நிலவாகைப் பொடி. ராபர்ட்சன்பேட்டை நாட்டு மருந்துக்கடையில் வாங்குவது. நான் வருஷக்கணக்காகக் குடித்துவந்த சுக்கு காபியில் சுக்கு கொஞ்சம், இது மிச்சம்.

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். முதலில் வாயில் வந்தது வேறு.

"எவ்வளவு போடுவ?"

"ஒரு ஸ்பூன். சில நாள் ஒன்றரை."

"எந்த நாள் ஒன்றரை?"

"பென்ஷன் ஆபீசுக்குப் போயிட்டு வர்ற நாளு."

பிறகு எல்லாம் வந்தது. "மைன் மூடுன வருசம் நீங்களும் மூடிக்கினீங்க. காலைல போயி ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு வருவீங்க. வந்ததும் எம்மேல வுழுவீங்க. காபி ஆறிப் போச்சு, துணி சரியா காயல, இன்னாத்துக்கு இந்தப் பல்லி கத்துது. பல்லி கத்தனா நான் இன்னாங்க பண்ணுவேன்? மருந்து சாப்பிடுங்கன்னா அதுல இன்னா கீது, யாரு சொன்னது, எந்தப் புஸ்தகத்துல கீதுன்னு பத்து கேள்வி. சுக்கு காபின்னேன். ஒரு கேள்வியும் கேக்கல. மறுநாள் காலைல பேப்பர் படிச்சிக்கினே பாட்டு பாடுனீங்க. அப்பறம் எப்படி நிறுத்துவேன்?"

பாடியது எனக்கு நினைவில்லை. மறுக்கவும் தோன்றவில்லை. மறுத்த அனுபவம் சமீபத்தில் ஒன்று இருந்தது.

அதற்குள் அவள் உடைந்துவிட்டாள். "உங்க அண்ணனுக்கு நான் பார்த்தேனே, எப்பிடிப் போனாருன்னு. உங்களுக்கு என் கையாலயே..."

கறுப்பு வேறு, கட்டி வேறு, ஒன்றிலிருந்து மற்றது வராது என்று நான் படித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். டாக்டரே சொன்னதையும் சொன்னேன். மூக்கைச் சிந்திவிட்டு, "டாக்டரு எங்கிட்ட சொல்லட்டும், நம்பறேன். உங்களுக்குத்தான் எல்லாமே தெரியுமே" என்றாள். அதில் பாராட்டு இருந்ததாகத் தெரியவில்லை. ஆயுள் முழுவதும் ஒருவன் எல்லாம் தெரிந்தவனாக இருந்தால் கிடைக்கும் பலன் இதுதான். அவனுக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்றைச் சொல்லும்போது வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

முடிவு வந்திருப்பதாக ஃபோன் வந்த மறுநாள் போனோம். ஃபோனில் சொல்லமாட்டார்களாம், நேரில்தான். ரயிலில் அவள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். டாக்டர் அறைக்குள் போனதும், நான் உட்காருவதற்கு முன்பே, அந்தப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் கத்தியை ஒப்படைக்கிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"இவருக்குத் தெரியாம நான் குடுத்தது. மைன் மூடுனதுலேர்ந்து. அந்தக் கட்டி இதனால வந்துச்சா, டாக்டரம்மா? எங்கிட்ட நேராச் சொல்லிடுங்க."

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ரிப்போர்ட்டைத் திறந்தார்.

"கேன்சர் இல்லம்மா. விட்டு வச்சிருந்தா சில வருஷத்துல ஆகியிருக்கலாம். அந்த டைப். முழுசா எடுத்தாச்சு."

"என் பொடியாலயா?"

"இல்ல. கறுப்புதான் உங்க பொடி. கட்டி அவரோட சொந்தம்."

என் மனைவி பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னது போதவில்லை என்று டாக்டருக்குப் பட்டிருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, "இந்த மாதிரிக் கட்டி கறுக்காதும்மா. சுத்தி எல்லாம் கறுப்பா இருந்ததால வெள்ளையாத் தனியாத் தெரிஞ்சுது. சட்டுனு கண்ணுல பட்டுது. அதுக்காகத் திரும்பப் போட ஆரம்பிச்சுடாதீங்க. பொடி வேண்டாம். பப்பாளி, கீரை, தண்ணி. மூணு வருஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும்" என்றார்.

தண்ணீருக்கு எங்கள் ஊரில் என்ன வழி என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையில் கிள்ளினாள். அந்த வாரம் முழுவதிலும் அவள் செய்த முதல் இயல்பான காரியம் அது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரிப்போர்ட்ல 'நோயாளி மறுக்கிறார்'னு இருக்கு சார். எடுத்துடலாமா?"

"இருக்கட்டும். அன்னைக்கு மறுத்தது உண்மைதானே."

ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, சீரான குறட்டை. எழுப்பிக் கட்டிலில் படுக்கச் சொல்லலாம் என்று கிட்டே போனேன். பிறகு வேண்டாம் என்று செருப்பை மட்டும் கழற்றி வைத்தேன்.

வெளியே கேட் கிறீச்சிட்டது. "சார்!" என்றார் எதிர்வீட்டுக்காரர், டிரில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு. ஓடிப்போய் வாசலிலேயே நிறுத்தினேன். மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி கெட்டதில்லை, எடுத்தாயிற்று, கறுப்புக்குக் காரணம் தூசு இல்லை, பொடி. மெதுவாகச் சொன்னதால் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மனு எழுதியாயிற்றே என்று அவர் தலையில் கைவைத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சைனைட் மேட்டுப் பக்கம் திரும்பினார்.

"உங்குளுது பொடியா இருக்கலாம் சார். நீங்க மேல இருந்தவரு. எங்குளுது தூசுதான். எங்க வயித்த எவனும் இன்னும் தெறந்து பார்க்கலையே?"

அவர் நெஞ்சில் தூசு இருப்பது நிஜம், அவர் இருமும்போதெல்லாம் தெருவுக்கே கேட்கிறது. நான் மறுக்காததைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. குரல் ஏறியது. "வர்ற வாரம் கோலாருக்குப் போறோம், நீங்களும் வந்து அந்த இங்கிலீஷுல..."

"மெதுவாப் பேசுங்க. அவ தூங்கறா."

"இந்நேரத்துலயா? அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா" என்றேன். "நாளைக்கு வாங்க."